நான் விழுங்கிய சொல்

வீட்டில் உம்மா சொல்வதை மனைவிக்கும், மனைவி சொல்வதை உம்மாவுக்கும் முனை மழுக்கிச் சொல்லியே காலத்தை ஓட்டியவன் நான். அந்தத் திறமைக்குத்தான் அரசாங்கம் சம்பளம் தருகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். தொண்ணூறுகளில், யுத்தத்துக்கு நடுவே, எங்கள் கரையோரத்து நீதிமன்றம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் வேலை. ‘முதலியார்’ என்பார்கள். கூப்பிடும்போது மட்டும் நெஞ்சு நிமிரும்.

அன்று காலை, அவசரகாலச் சட்டத்தில் பிடித்த ஒரு வயல்காரனைக் கொண்டுவந்தார்கள். காரைதீவுப் பக்கத்து ஆள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சிங்கள வாக்குமூலத்தில் அவன் கையெழுத்து இருந்தது. அவனுக்குச் சட்டத்தரணி இல்லை. புதிதாக வந்த நீதவானுக்குத் தமிழ் தெரியாது. பிடித்துவந்த அதிகாரி எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றார்.

விரும்பித்தான் கையெழுத்து வைத்தானா என்று நீதவான் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“கட்டி வெச்சு ரெண்டு நாள் அடிச்சாங்க. அதுக்குப் பொறகுதான் வெச்ச நான்.”

நான் அதிகாரியின் சப்பாத்தைப் பார்த்தேன். பெரிய சப்பாத்து.

“கடுமையாகப் பேசினார்களாம், ஐயா” என்று சிங்களத்தில் சொன்னேன். நீதவான் எழுதத் தொடங்கினார். எழுதி முடித்தால் அவன் திரும்பவும் அடி வாங்கிய அதே முகாமுக்குத்தான்.

அவன் என் பக்கம் திரும்பி, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டான். “காக்கா, அம்பாறைக்கு நெல்லு வெட்டுக்குப் போற ஆள் நான். சிங்களம் கொஞ்சம் விளங்கும். நீங்க சொன்னதுல அடியக் காணல்லயே.”

“பொறு தம்பி” என்றேன். எதற்குப் பொறுக்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

“என்ன சொல்கிறான்?” என்றார் நீதவான்.

தண்ணீர் கேட்கிறான் என்று சொல்லிவிடலாம். ஆனால் நாக்கு வறண்டு நின்றவன் நான்தான்.

“ஐயா, நான் பிழையாகச் சொல்லிவிட்டேன். கட்டி வைத்து இரண்டு நாள் அடித்தார்களாம்.”

நீதவான் பேனாவை வைத்துவிட்டு, அவன் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். முதுகைப் பார்த்தார். முதலில் வைத்தியரிடம், பிறகு மறியல் சிறைக்கு, முகாமுக்கு அல்ல என்று உத்தரவு எழுதினார். என்னிடம், “முதலியார், முடிவெடுக்க நான் இருக்கிறேன். நீங்கள் அவன் சொன்னதை மட்டும் தாருங்கள்” என்றார்.

“திரும்ப அந்த முகாம் காம்புக்கு இல்லயே, காக்கா?”

“இல்ல. ஆஸ்பத்திரி, பொறகு மறியல்.”

“மறியலா? அப்ப சரி.”

மறியல் என்றதும் அப்படி மூச்சு விட்ட ஒருவனை நான் கண்டதில்லை.

திருத்திய பதிவில் என் கையெழுத்தும் வேண்டுமாம், முழுப் பெயரோடு. வாப்பாவின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, வெட்டி, மறுபடி எழுதினேன். அதிகாரி குனிந்து, அதை எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார்.