கஸ்தூரியின் கையும் கொட்டகைச் சாவியும்

மடுகரையில் கஸ்தூரிக்கு வலிப்பு வரும் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் அவள் புருஷன் அரங்கநாதனின் இடுப்புச் சாவியும் தெரியும். மோட்டார் கொட்டகையின் பழைய இரும்புச் சாவி அது. பூட்டு துருப்பிடித்துப் போய்ப் புதுப்பூட்டு மாட்டிப் பல வருஷமாகிறது. சாவியை மட்டும் மனிதர் விடவில்லை. கல்யாணமான புதிதில் அவள் வரப்பில் விழுந்தபோது அதைத்தான் கையில் திணித்தார், வலிப்பு நின்றது. அது தானாகவே நிற்கும் என்று டாக்டர்கள் எவ்வளவு சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை.

கஸ்தூரி லேசுப்பட்டவள் இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டே மாடு கறந்தாள், கரும்பு வெட்ட வந்த ஆட்களை வாயாலேயே வேலை வாங்கினாள். அவளிடம் ஏச்சு வாங்காதவர் எங்கள் தெருவில் இல்லை, நான் உட்பட.

போன தை மாதம் வந்த வலிப்பு வேறு மாதிரி. நினைவு தப்பவில்லை. வலது கை மட்டும் துடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. சாவியைக் கொடுத்தால் சாவியும் சேர்ந்து ஆடியது. புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அரங்கநாதன் சோறு ஊட்டினார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பச்சப்புள்ள மாதிரி வாயத் தொறந்துக்கினு எவ்ளோ நாளு கெடக்கறது?" என்று அழுதாள்.

கடைசியில் டாக்டர் மகாலட்சுமி ஒரு வழி சொன்னார். தலைமேல் காந்தச் சுருளை வைத்து, மூளையில் கையை ஆட்டுவிக்கும் இடத்தை அடக்கிப் பார்க்கலாம். வெட்டுவது கிடையாது. "கண்டிப்பா கேக்கும்னு சொல்ல மாட்டேம்மா. சிலபேருக்குக் கேட்டிருக்கு."

அறை வாசலில் தோடு, ஹேர்பின், தாலியில் குத்தியிருந்த ஊக்கு எல்லாவற்றையும் கழற்றினார்கள். "கையில இருக்கற சாவியும்" என்றார் டாக்டர். "காந்தத்துகிட்ட இரும்பு ஆகாது."

அரங்கநாதனுக்கு முகம் செத்துவிட்டது. "வலிப்பு இருக்கசொல்ல இரும்ப எடுக்கறதா? வேணாம்மா, நாங்க வூட்டுக்குப் போறோம்" என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

கஸ்தூரி நகரவில்லை. ஆடுகிற கையாலேயே சாவியை அவர் உள்ளங்கையில் போட்டாள். "நீங்க புடிச்சிக்கினு வெளிய நில்லுங்க. அது நானே புடிச்ச மாதிரிதான்."

உள்ளே 'டக் டக்'கென்று மண்டையில் யாரோ தட்டுவதுபோல் இருந்ததாம். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் போனாள், அடுத்த நாளும் போனாள். ஒவ்வொரு தடவையும் அரங்கநாதன் பெஞ்சில்கூட உட்காராமல் சாவியோடு வாசலில் நின்றார்.

ஒருநாள் மத்தியானம் அவள் வெளியே வந்தபோது வலது கை விலாவோடு சும்மா கிடந்தது. அவர் அதை நம்பாமல் பார்த்துக்கொண்டே நின்றார். மாத்திரையைத் தொடர வேண்டும், மறுபடி வந்தால் மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னது எதுவும் அவருக்கு உறைக்கவில்லை.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனார், முடியவில்லை. சாவியை விடாத கை வெடவெடவென்று ஆடியது.

"இன்னாங்க, இப்ப உங்களுக்கு வந்துடுச்சா?" என்று சிரித்தாள் கஸ்தூரி. பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். வலது கையால் சோற்றைப் பிசைந்து அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"வாயத் தொறங்க" என்றாள்.