அத்தை பாடிய நான்காவது ஆல்பம்

என் அத்தை ராக் பாடகி. அது சினிமாப் பாட்டும் இல்லை, பக்திப் பாட்டும் இல்லை என்பது வரைக்கும்தான் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவுக்குப் புரிந்தது. 'ஆல்டர்நேட்டிவ் ராக்' என்று அத்தையே விளக்கிய பிறகு அதுவும் புரியாமல் போயிற்று. இருந்தாலும் அத்தையும் அவளுடைய மூன்று நண்பர்களும் இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு ராக் குழுவை விடாமல் நடத்தி, மூன்று ஆல்பங்கள் போட்டிருந்தார்கள். நான்காவதைத் தொடங்கும் முன் அத்தைக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கழுத்துக் காயம் ஆறிவிட்டது. குரல் மட்டும் கரகரப்பாகவே நின்றுவிட்டது. அந்தக் கரகரப்போடு வீட்டில் உட்கார்ந்து எட்டுப் பாட்டுகள் எழுதினாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறை என்பதால் பொம்மனஹள்ளியில் இருந்த ஸ்டுடியோவுக்கு என்னையும் அழைத்துப்போனாள்.

சவுண்ட் இன்ஜினியர் மிகவும் மரியாதைக்காரர். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சின்னப் பொண்ணைப் பாட வெச்சு எடுத்திருக்கேன். சும்மா கேட்டுப் பாருங்க" என்றார். அந்தப் பெண் பாடியதை முதலில் போட்டார். பிறகு, முந்தின நாள் அத்தை பாடியதைப் போட்டார். டிரம்ஸ் வாசிப்பவர் தரையைப் பார்த்தார். கிட்டார்காரர் ஏற்கெனவே சுருதி சேர்த்த கம்பியை மறுபடி முறுக்கினார். இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ சொல்லு. எது நல்லா இருக்கு?"

பொய் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். "முதல்ல போட்டது" என்றேன்.

அத்தை தலையாட்டினாள். "அவ சரியாத்தான் சொல்றா. அந்தப் பொண்ணு நல்லாப் பாடுது. ஆனா சார், தொண்டையை அறுத்தப்புறம் நான் எழுதின பாட்டு இது. இதுக்கு அறுக்காத தொண்டை எதுக்கு?"

"ஜனங்க கேக்கணுமே, மேடம்."

"கேக்காதவங்க விடட்டும். மைக்கை ஆன் பண்ணுங்க."

கிட்டார்காரர் மெல்ல, "ஒரு மாசம் பொறுத்துப் பாக்கலாமா? குரல் தெளியட்டுமே" என்றார்.

"தெளிஞ்ச குரலே இதான், குரு. கிட்டாரை எடு."

கண்ணாடி அறைக்குள் போய்ப் பாடினாள். உச்சத்துக்கு ஏறும் இடத்தில் குரல் பிளந்து வெறும் காற்றுதான் வந்தது. இன்ஜினியரின் கை நிறுத்தும் பட்டனுக்குப் போனது. அத்தை உள்ளிருந்தே விரலை ஆட்டி வேண்டாம் என்றாள். அந்தக் காற்றையே பிடித்துக்கொண்டு மேலே போனாள். டிரம்ஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து அடித்த அடியில் கண்ணாடி அதிர்ந்தது. பாட்டு முடிந்ததும், "இதையே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கோவமா?"

"என்னைக் கேட்டுட்டு அப்புறம் ஏன் நீயே பாடின?"

"உன்னைக் கேட்டது அவரு. நான் கேக்கலையே" என்று சிரித்தாள்.

அந்த வருடமே ஆல்பம் அவள் குரலோடு வெளிவந்தது. இந்தக் குரல் தீர்ந்துபோய்விட்டது என்று இணையத்தில் ஒருவர் எழுதினார். அத்தை அதை எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு ஐந்தாவது ஆல்பத்துக்குப் பாட்டு எழுத உட்கார்ந்தாள்.

எனக்குத்தான் கவலை. தன் குரல் எப்படி இருக்கிறது என்பது அவளுக்கே கேட்கவில்லை என்று முடிவு செய்தேன். அம்மாவைத் தனியாக அழைத்து, ஆபரேஷனில் டாக்டர் தெரியாமல் அத்தையின் காதிலும் கைவைத்துவிட்டார் போலிருக்கிறது, ஒருமுறை காட்டிவிட்டு வரச் சொல்லேன் என்றேன்.