சர்வேயர் தன் கையால் கொடுத்த வரைபடம்

வழக்கு தோற்றுவிடும் என்று அரசு வக்கீல் சொன்ன நாளிலிருந்து தொடங்குகிறேன், சகோதரிகளே. விழுப்புரம் நீதிமன்ற வராந்தாவில் நின்றிருந்தோம்.

"மருந்து தடவின நோட்டு சர்வேயர்கிட்ட இருந்தா மட்டும் பத்தாதும்மா. அவரு கேட்டாருன்னு நிரூபிக்கணும். கூட வந்த சாட்சியே காதுல விழலைன்னு சொல்லிட்டாரே" என்றார்.

அந்தச் சாட்சி, லஞ்ச ஒழிப்பு போலீசார் என்னுடன் அனுப்பிய அரசு ஊழியர். பணத்தைக் கொடுத்தபோது எனக்கும் அவருக்கும் ஒரு முழ இடைவெளிகூட இல்லை. கூண்டில் ஏறியதும் காது போய்விட்டது.

அத்தா மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு, தியாகதுருகம் சாலையில் இருக்கும் கரும்புக் கொல்லையில் எங்கள் பங்கைப் பிரித்துப் பட்டா கேட்டோம். அம்மாவும் நானும் பதினொரு மாதம் நடந்தோம். சர்வேயர் ஒருநாளும் கொல்லைக்கு வரவில்லை. சட்டையில் மடிப்பு கலையாது, செருப்பில் மண் ஒட்டாது. அப்படி ஒரு சர்வேயர். அவர் லஞ்சம் என்று சொல்லமாட்டார்.

"இன்னாம்மா, சங்கிலி புடிக்கிற ஆளுக்குக் கூலி வேணாமா? எனக்கா கேட்டுக்கினு இருக்கேன்?"

"இன்னும் அளக்கவே இல்லையே சார். யாரு சங்கிலி புடிச்சாங்க?"

"குடுத்தா புடிப்பாங்க."

அன்றே புகார் கொடுத்தேன். போலீசார் மருந்து தடவித் தந்த நோட்டை என்னிடம் வாங்கும்போது அவர் பிடிபட்டார். அந்த மருந்து பட்ட கையைக் கழுவிய நீர் இளஞ்சிவப்பானது. அத்துடன் முடிந்தது என்று நினைத்தது என் அறியாமை. தோற்றால் அவர் அதே நாற்காலியில் உட்காருவார். நான் பொய்ப் புகார் கொடுத்தவளாக அதே அலுவலகத்தில் மனுவோடு நிற்பேன்.

என்னைக் குறுக்கு விசாரணை செய்வதை அவருடைய வக்கீல் மூன்று முறை தள்ளிப்போட்டிருந்தார். அந்த விசாரணை அன்று மதியத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. லுஹர் தொழுகைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் பெண்கள் பகுதிக்குப் போனேன். வழக்கமாக அல்லாஹ்விடம் நான் கேட்கும் துஆ நீளமான பட்டியல். அன்று நெற்றியைத் தரையில் வைத்த ஸஜ்தாவில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. "யா அல்லாஹ், என் வாயால் முடியவில்லை. அந்த ஆள் தன் கையாலேயே நிரூபிக்கட்டும்." அழுதேன். முகம் கழுவிக்கொண்டு கூண்டேறினேன்.

"சார் நிலத்த அளந்தாரு. ஆளுங்களுக்கு நீ குடுத்த கூலிதான் அந்தப் பணம். சரியா?" என்றார் வக்கீல்.

"அளக்கலைங்க."

"அப்ப இது இன்னா?"

வக்கீல் நீட்டியது, நிலத்தை அளந்ததற்கு ஆதாரமாக சர்வேயரே போட்டுத் தந்த அளவு வரைபடம். யாரும் கேட்கவில்லை, தானாகவே கொடுத்திருந்தார். நான் சிவில் டிப்ளமோ படித்தவள். கோடுகளைப் பார்த்தேன். வடகிழக்கு மூலையில் ஒரு எல்லைக்கல், அதிலிருந்து அளவு. அந்தக் கல் இருந்த இடத்தில் இப்போது எங்கள் கிணறு. நான் எட்டாவது படிக்கும்போது தோண்டியது. கிணறு தோண்டுவதற்கு முன்பு அரசு வரைந்து வைத்த புலப்படத்தை மேசையில் வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். திருட்டை மறைப்பதற்காகவாவது ஒருமுறை வெயிலில் இறங்கியிருக்கலாம். அதற்கும் உடம்பு வணங்கவில்லை.

"ஐயா, அந்த மூலையில கிணறு இருக்குதுங்க. சார் தண்ணி மேல நின்னுதான் அளந்திருக்கணும்" என்றேன் நீதிபதியிடம்.

பெஞ்ச் கிளார்க் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். அடுத்த வாய்தாவில் கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டோடு வந்து கிணறு இருப்பதைச் சொன்னார். கூலிக் கதை அங்கேயே செத்தது. சர்வேயர் பணம் கேட்டார் என்ற என் சாட்சியத்தை நீதிமன்றம் நம்பியது. சிறைத் தண்டனை கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

வெளியே வரும்போது சர்வேயர் என்னிடம் கேட்டார்: "இத்துனூண்டு காசு கேட்டதுக்கு இவ்ளோ பெரிய தண்டனையாம்மா?"

"கேட்டேன்னு அன்னிக்கே ஒத்துக்கினு இருந்தா எல்லாருக்கும் வேலை மிச்சம் சார்."

இப்போது என் துஆ சுருங்கிவிட்டது; பயமும் குறைந்துவிட்டது. பட்டா வந்துவிட்டது, ஒரு காசும் கொடுக்காமல். சகோதரிகளே, உங்களிடமும் எவராவது கூலி என்று கை நீட்டினால் கொடுக்காதீர்கள். காகிதங்களை ஒழுங்காக வைத்துக்கொண்டு, மீதியை அல்லாஹ்விடம் கேளுங்கள். எந்த வழியில் தருவான் என்று நாம் திட்டம் போட முடியாது.

அந்த ஆளை மன்னிக்கும் மனத்தையும் கேட்டு வருகிறேன். இன்னும் வரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.