மிச்சமான ஸ்டியரிங்

இந்த ஜெர்மன் ஊருக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு யூர்கன் "வா, என் கார்களைக் காட்டுகிறேன்" என்று கூப்பிட்டார். நான் ஷூவை மாட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றேன். அவரோ கூடத்துக் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். உள்ளே உள்ளங்கை அளவில் கார்கள். பேரன் எடுத்த மனிதர் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, பெயின்ட் அடித்து, துடைத்து வைத்திருக்கிறார். இங்கே யாரும் சிரிப்பதில்லை. எங்கள் ராஜபாளையத்தில் இந்த வயதில் பொம்மைக் கார் செய்தால் டீக்கடையில் தலைகாட்ட முடியாது. ஆனாலும் குளிர்காலம் என்னையும் அந்தப் பைத்தியத்தில் தள்ளிவிட்டது.

அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். வெள்ளை அம்பாசிடர். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குக் கல்யாணக் கூட்டம், தேவதானத்திலிருந்து பிரசவத்துக்கு ஆள், எல்லாம் அதில்தான் போகும். வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு மாட்டுவண்டி உரசி இடது முன் மட்கார்டு நசுங்கியது. அவர் பட்டறைக்கு விடவில்லை. தினமும் காலையில் அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். வண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. இப்போது பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலக்கையும் பேச்சும் போய்விட்டன. யார் முகத்தையும் அடையாளம் தெரியவில்லை. "பழகின சாமான் எதையாச்சும் கண்ணுல காட்டச் சொல்லுதாவ டாக்டரு. நீ வந்துரு லே, உன்னயப் பாத்தா தெளிஞ்சிருவாவ" என்று அம்மா போனில் அழுதாள். என் விசா அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது வராமல் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். வேலையும் போகும், மகளின் படிப்பும் கெடும். எனக்குப் பதிலாக அப்பாவின் காரை அனுப்பலாம் என்று தோன்றியது.

அம்பாசிடருக்கு, துண்டுகளை ஒட்டிச் செய்யும் கிட் கிடைக்கவில்லை. அதற்குப் பெரியப்பா முறையாகும் ஒரு பழைய ஆங்கிலேயக் காரின் கிட் கிடைத்தது. பெட்டிக்குள் இரண்டு டாஷ்போர்டு. ஒன்றில் ஸ்டியரிங் வலப்பக்கம், மற்றதில் இடப்பக்கம். அவரவர் நாட்டு வழக்கப்படி ஒட்டிக்கொள்ளலாம். ஜெர்மனியில் இடப்பக்கம், நம் ஊரில் வலப்பக்கம். நான் வலதை ஒட்டினேன். வெள்ளை அடித்தேன். கரண்டியைச் சூடாக்கி இடது மட்கார்டில் மெல்ல அழுத்தினேன். பள்ளம் அச்சாக வந்தது. யூர்கன் பார்த்துப் பதறினார். "கவலைப்படாதே, என்னிடம் பள்ளம் அடைக்கும் பசை இருக்கிறது, நிரப்பிவிடலாம்" என்றார். வேண்டுமென்றே செய்தது என்று சொன்னேன். கை தவறியதை மறைக்கிறேன் என்று நினைத்து, ஆறுதலாகத் தோளைத் தட்டினார்.

விடுமுறைக்குச் சிவகாசி போன நண்பர் காரை வீட்டில் சேர்த்தார். மறுநாள் அம்மா வீடியோவில் வந்தாள். வீட்டுக்கு வண்டி வந்தால் எங்கள் ஊரில் பூஜை போடாமல் தொடமாட்டார்கள். அப்பாவின் கட்டிலருகே ஸ்டூலில் தட்டு, தட்டில் கார். சந்தனம், குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் கொடுத்திருந்தாள். பழம் சக்கரத்தைவிடப் பெரிது. கார் பழங்களின் மேல் ஏறி நின்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதற்குள் அதே தட்டில் சூடத்தைக் கொளுத்திவிட்டாள்.

"அம்மா, சூடம் வேண்டாம்! பிளாஸ்டிக்கும்மா, உருகிரும்!"

"கத்தாத லே. செத்த நேரம் சாமி கும்பிடுதேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். மின்விசிறிக் காற்றில் தீ சாய்ந்து இடது மட்கார்டை நக்கியது. நான் இங்கிருந்து ஊதினேன். என் போன் கண்ணாடியில்தான் ஆவி படிந்தது.

அப்போது, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பாவின் இடக்கை நீண்டது. காரை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது. உருகிய இடத்தைக் கட்டைவிரல் தடவியது. தொண்டைக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. அம்மா கண் திறந்து பார்த்தாள்.

"ஏலே, தெரிஞ்சிட்டு லே! நம்ம வண்டின்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிட்டு!" போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இங்கன பாருங்க, ஒங்க மவன். அவன்தான் செஞ்சு அனுப்பிருக்கான்."

அப்பா என்னைப் பார்த்தார். ஸ்டாண்டில் சவாரி கேட்டு வரும் வெளியூர்க்காரனைப் பார்ப்பாரே, அப்படி. "அப்பா, நான்தாம்பா" என்றேன். அவர் காரின் பக்கம் குனிந்துகொண்டார். சந்தோஷப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அழுதேன்.

விசா அட்டை இன்னும் வரவில்லை. கார் அப்பாவின் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம். என் மேஜையில் இடப்பக்க ஸ்டியரிங் வைத்த அந்த டாஷ்போர்டு மட்டும் மிச்சம். "தூக்கிப் போடு, ஒரு காரில் இரண்டையும் வைக்க முடியாது" என்றார் யூர்கன். சரிதான் என்றேன். அவர் போன பிறகு அதைத் துடைத்துப் பெட்டிக்குள் திரும்ப வைத்தேன்.