காற்றுக்குக் குறுக்கே ஓடச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துணி ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பல்லடம் சாலையில் லாரி மோதி எஸ்தர் அவர்கள் இறந்துவிட்டார்கள் என்றார்கள். "வேற எஸ்தரா இருக்குமுங்க, நல்லா விசாரிங்க" என்று சண்டை போட்டேன். இன்னமும் நம்ப முடியவில்லை.

துணி வெளுக்கும் சலவைப்பட்டறை எனது. அதற்குக் குளோரின் சிலிண்டர்கள் வேண்டும். அந்த வாயு கசிந்தால் காற்றில் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் பரவும் என்று கம்ப்யூட்டரில் கணித்து, ஊரின் அவசரகாலத் திட்டத்துக்குப் படம் போட்டுக் கொடுத்தவர் எஸ்தர். தூத்துக்குடிக்காரர்.

முதல் கூட்டத்தில், வாயு பரவும் இடமென்று அவர் திரையில் காட்டிய மஞ்சள் பட்டை, என் கிழக்கு கேட்டின் மேலேயே படுத்திருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கம்ப்யூட்டர்ல எதைப் போட்டாலும் வருமுங்க" என்றேன்.

"நெசந்தான் அண்ணாச்சி. வெளியூர்க் காத்துக் கணக்கைப் போட்டிருக்கேன். உங்க தெருக் காத்தைக் குடுங்க, மாத்திருதேன்" என்றார்.

மறுநாளே வந்து மொட்டைமாடிக் கம்பத்தில் பனியன் வேஸ்ட் துணியைக் கட்டினார். அது பறக்கும் திசையை வாட்ச்மேன் ஒரு வருடம் தினமும் எழுதினார். திரும்பக் கணித்தபோது பட்டை இன்னும் நீண்டது. ஆடிக் காற்றில் கிழக்கு கேட்தான் பொறி.

"அபாயச் சங்குச் சத்தம் கேட்டா உங்க ஆளுக கம்பெனி வேனைப் பாத்துத்தான் ஓடுவாங்க. கிழக்கு கேட்ல நிக்க வேனைத் தெக்கால நிறுத்துங்க அண்ணாச்சி."

டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். நானும் ஆறு மாதம் இழுத்தடித்துத்தான் மாற்றினேன். அடுத்து வந்த ஆடியிலேயே ஒரு சிலிண்டர் வால்வு கசிந்தது. அவர் சொன்னபடியே எல்லோரும் வேனுக்கு ஓடினார்கள், ஓடியதால் பிழைத்தார்கள். நான் கும்பிடாத குறைதான். அவரோ மூச்சிரைக்க வந்து நின்று ஒன்றே கேட்டார்.

"கிழக்கு கேட்டுக்கு அங்கிட்டு நாலு வீடு இருக்கே அண்ணாச்சி, அங்க யாரு கதவைத் தட்டுனது?"

யாரும் தட்டவில்லை. சிலிண்டரைச் சீக்கிரம் அடைத்துவிட்டதால் அந்த வீட்டுக்காரர்கள் தப்பித்தார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்த வீடுகள் நினைவிலேயே இல்லை.

அதன்பின் பட்டை விழும் வீடுகளுக்கெல்லாம் படத்தோடு நேரில் போய்ச் சொல்வதென்று கிளம்பிவிட்டார். என் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை. "வண்டி அனுப்பறனுங்க, நானும் வர்றனுங்க" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அன்று மதியம் போன் செய்து, லோடு இருக்குது, வண்டி அனுப்ப முடியாது, நாளைக்குப் பார்க்கலாமுங்க என்றேன். "நான் ஸ்கூட்டர்லயே வந்து பாத்துக்கிடுதேன், நீங்க வேலையைப் பாருங்க" என்றார். பாவி நான், வேலையைப் பார்த்தேன்.

அடக்கம் முடிந்ததும் அவர் கணவர் ஒரு பையை என்னிடம் நீட்டினார். உள்ளே நான்கு படங்கள். ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டை எஸ்தர் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.

நேற்று முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மா திறந்தார்.

"வாங்க. மேடம் செவ்வாக்கெழம வர்றேன்னாங்க, காணமுங்களே? உங்களை அனுப்பிச்சாங்களா?"

"ஆமாங்க" என்றேன். படத்தை விரித்து, என் பட்டறை மாடியில் பறக்கும் துணியைக் காட்டினேன். "காத்து போற பக்கம் ஓடாதீங்க, குறுக்கால ஓடுங்க" என்று மேடம் சொல்வதையே சொன்னேன்.

இன்னும் மூன்று வீடுகள் இருக்கின்றன. நான் போய்ச் சொல்லிவிடுகிறேன், எஸ்தர் மேடம். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.