தண்ணீர் வரக் கூடாது என்று வேண்டியவள்

புதூரில் எல்லோரும் தண்ணீர் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட வருஷத்தில், லூர்துமேரி ஒருத்தி மட்டும் தண்ணீர் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். அதை ஒளித்து மறைத்தும் செய்யவில்லை. கோயிலில் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, எங்கள் காதிலும் விழும்படி, "இங்க மழ பெய்யட்டும் சாமி, குடகுல மட்டும் வேணாம்" என்பாள். அந்தோணியாருக்கே வழி சொல்லித் தருகிறாள் பார் என்று பெண்கள் முக்காட்டுக்குள் சிரிப்பார்கள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பழைய ஊர் காவிரிக்கரையிலேயே இருந்தது. மேட்டூரில் அணை கட்டி முடித்துத் தண்ணீரைத் தேக்கியபோது, முப்பத்துநாலாம் வருஷம், ஊர் அடியில் போய்விட்டது. பென்னாகரம் பக்கத்து மேட்டில், கல்லுக்கும் கள்ளிக்கும் நடுவே எங்களுக்கு இடம் கிடைத்தது. அதற்குப் புதூர் என்று பெயர் வைத்தோம். வேறு என்ன பெயர் வைப்பது? கதவு, நிலை, உத்தரம், ஓடு என்று பெயர்த்து எடுக்க முடிந்ததையெல்லாம் வண்டியில் ஏற்றினோம். கோயில் மணியையும் ஏற்றினோம். கல்லறைத் தோட்டத்தை மட்டும் ஏற்ற முடியவில்லை.

லூர்துமேரியின் மூத்த மகன் அருளப்பன் அங்கேதான் கிடந்தான். தண்ணீர் ஏறுவதற்கு முந்தின வருஷம் வாந்திபேதியில் போன பிள்ளை. கடைசி வண்டி புறப்படும் நேரத்தில் அவள் புருஷன் சவரியப்பன் அந்தக் குழி மேட்டில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றான். மாடுகள் நுகத்தடியில் நின்றன. நான்கு பேர் போய்க் கூப்பிட்டும் அசையவில்லை. இவள்தான் போனாள். கைக்குழந்தை தெரசாவை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"எந்திரிங்க. மண்ணுக்கு அடியில பாத்துக்கிற ஆண்டவரு தண்ணிக்கு அடியில பாத்துக்க மாட்டாரா?"

எனக்கு அப்போதே கோபம் வந்தது. பெற்றவள் பேசுகிற பேச்சா இது? அழுதிருந்தால் நானும் கூட அழுதிருப்பேன். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவன் எழுந்து வந்தான்.

எதற்கும் அவளிடம் அந்த ஒரு வார்த்தைதான். ஆடு காணாமல் போனாலும் பாத்துக்குவாரு, கூரை பறந்தாலும் பாத்துக்குவாரு. யுத்த காலத்தில் அணைக்கரை முழுக்கக் குளிர்காய்ச்சல் பரவியபோது சவரியப்பன் படுத்தான். கொயினா மாத்திரை கிடைத்த நாளில் எழுவான், கிடைக்காத நாளில் நடுங்குவான். ஒரு மாசி மாதத்தில் அடங்கிப்போனான். மகன் பக்கத்தில் தன்னைப் புதைக்கச் சொல்லியிருந்தான். அங்கே ஆள் உயரத்துக்குமேல் தண்ணீர் நின்றது. புதூர்க் கல்லறையில் கடப்பாரை போட்டுக் கல்லை உடைத்துக் குழி எடுத்தோம். அன்றும் அவள் பாத்துக்குவாரு என்றுதான் சொன்னாள், ஆனால் குரல் எழும்பவில்லை.

புதூர் நிலத்தில் சாமை விளையும். மழை இருந்தால். மற்றபடி எங்களுக்குச் சோறு போட்டது தண்ணீருக்கு அடியில் போன எங்கள் பழைய நிலம்தான். கோடையில் அணை வற்றும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வண்டல் படிந்து கறுப்பாக, வெண்ணெய் மாதிரி இருக்கும். தண்ணீர் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு தூரம் இறங்கிப்போய், ஆளுக்கொரு குச்சியை நட்டு இடம் பிடிப்போம். கேழ்வரகு நடுவோம். குடகில் மழை பெய்து ஆடியில் புதுத் தண்ணீர் ஏறுவதற்குள் அறுத்துக் கரையேற்றிவிட வேண்டும். மேட்டில் இடம் பிடித்தவன் பிழைத்தான். பள்ளத்தில் பிடித்தவன் பாடு திண்டாட்டம். பள்ளம் கடைசியில்தான் வெளியே வரும், முதலில் மூழ்கும்.

யுத்தம் முடிந்த இரண்டாம் வருஷம் சாமை முளைக்கவே இல்லை. ரேஷன் சோளம் வந்த வாரம் வந்தது, வராத வாரம் இல்லை. தெரசாவுக்கு அப்பனுக்கு வந்த அதே காய்ச்சல். வயிற்றில் கட்டி விழுந்து, கண் மஞ்சளாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வளர்ந்த பெண், அவள் தாவணி அவளையே இரண்டு சுற்றுச் சுற்றியது. பென்னாகரத்து வைத்தியர் பார்த்துவிட்டு, "மருந்து அப்புறம்மா. மொதல்ல வயித்துக்குப் போடு" என்று சொல்லி அனுப்பினார். லூர்துமேரிக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

மகளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் குச்சி நடப் போனது தாமதமாகிவிட்டது. மேட்டு நிலமெல்லாம் போய்விட்டது. சித்திரையில் தண்ணீர் என்றும் இல்லாத அளவுக்கு இறங்கியது. இறங்கிய இடத்தில், ஆற்றை ஒட்டி, எங்கள் பழைய கல்லறைத் தோட்டம் வெளியே வந்தது. மதில் இடிந்து கிடந்தது. நடுச் சிலுவையின் பீடம் மட்டும் நின்றது. வண்டல் எல்லாக் குழிகளையும் மூடி ஒரே மட்டமாக்கியிருந்தது. அவள் ஒரு நாள் முழுக்கக் கையால் கிளறிக் கிளறி அருளப்பனின் கல்லைத் தேடினாள். கிடைக்கவில்லை. மறுநாள் மண்வெட்டியோடு போய் அந்த இடத்திலேயே குச்சியை நட்டாள்.

ஊர் கொதித்தது. அதில் ஒருவரும் நட மாட்டோம். யாரும் சொல்லி வைத்ததில்லை, சொல்ல வேண்டியும் இருந்ததில்லை. கோயிலில் செபம் நடத்தும் உபதேசியார் அவள் வீட்டு வாசலுக்கே வந்து சத்தம் போட்டார்.

"பொணத்து மேல வெளஞ்சத திம்பியா? மந்திரிச்ச பூமி அது. உனக்கு அறிவு இருக்குதா?"

"இருக்குதுங்க. கீழ கெடக்குறது எம் புள்ளதான். தங்கச்சி பசியா இருக்கான்னா அவன் வேணாம்னா சொல்லுவான்?"

உபதேசியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுப்பதற்கு, பதிலுக்குக் கொடுக்க ஒரு படி தானியமாவது வேண்டுமே.

நாற்று பச்சென்று பிடித்தது. மேட்டில் எங்கள் பயிர் முழங்கால் உயரம் நின்றபோது அவளுடையது இடுப்பு உயரம் நின்றது. எல்லோரும் பார்த்தோம். ஆனியில் தண்ணீர் வரவில்லை. மேட்டு நிலத்துக்காரர்கள் அறுத்துக் கரையேற்றினோம். அடுத்து சாமைக்காட்டுக்கு மழை வேண்டி அந்தோணியார் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினோம். அவளும் எங்களோடு நடந்தாள். அந்த நாட்களில் அவள் கோயிலில் கேட்டதுதான் இங்கே மழை, குடகில் வேண்டாம் என்பது.

ஆடி பிறந்தது. கதிர் பால் பிடித்திருந்தது. முற்றுவதற்கு இன்னும் இரண்டு வாரம் ஆகும். அப்போதுதான் குப்புராஜ் வந்தான். பக்கத்து ஊர்ப் பரிசல்காரன். சவரியப்பனோடு ஒன்றாகப் பரிசல் தள்ளியவன். ஒகேனக்கலில் இருந்து நேராக அவள் வயலுக்கு வந்தான். நான் அங்கே இருந்தேன்.

"அக்கா, மேல தண்ணி செவந்துபோச்சு. வேரோட மரம் வருது. இன்னிக்கே அறுத்துடு."

"பச்சக் கதுரு தம்பி. அறுத்து என்னா பண்றது?"

"வாட்டிக் கசக்கிக் காய வெச்சா பாதியாவது தேறும். புள்ளைக்கி ஆவும். நா ஆளக் கூட்டியாறேன், நீ அருவாள எடு."

அவள் கதிரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நகத்தால் அழுத்தினாள். பால் வந்தது.

"அவர நம்பித்தான் இங்க நட்டேன். ஊரே திட்டிச்சு, நட்டேன். இம்மாந்தூரம் கொண்டாந்தவரு. இப்ப பயந்துட்டுப் பச்சையில அறுத்தா, அவர நம்பலன்னுதான அர்த்தம்?"

"சாமிய நம்பு, நா வேணாங்கல. தண்ணிய நம்பாத."

"தண்ணியும் அவருதுதான."

குப்புராஜ் என்னைப் பார்த்தான். நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் முகத்தில் பிடிவாதம் இல்லை. அது இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பயந்து போயிருந்தாள். பயப்படுவதே பாவம் என்று நினைத்துக்கொண்டு நின்றாள். அன்று பொழுது சாய வீட்டில் தெரசாவும் கேட்டாளாம், கொஞ்சம் மட்டும் அறுத்து வாட்டித் தாயேன் என்று. "இன்னுங் கொஞ்ச நாளு கண்ணு. முத்தட்டும். களியே கிண்டித் தர்றேன்" என்றாளாம் தாய். இதைப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

ஆடிப்பெருக்குக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு காலையில், வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லாத காலையில், தண்ணீர் ஏறியது. சத்தமே இல்லை. முதலில் பாத்தி கசிந்தது. பிறகு எலிகளும் தேள்களும் மேட்டைப் பார்த்து ஓடின. அவள் கூப்பாடு கேட்டு ஊரே அரிவாளோடு இறங்கியது. திட்டியவர்கள், சிரித்தவர்கள், உபதேசியார், எல்லோரும். முழங்கால் தண்ணீரில் ஆரம்பித்து மார்பு வரைக்கும் நின்று அறுத்தோம். குப்புராஜ் பரிசலைக் கொண்டுவந்து கதிரை வாங்கிக்கொண்டான். உச்சிப்பொழுதுக்குள் தோகை நுனிகூடத் தெரியவில்லை.

அறுத்தது ஒரு பரிசலுக்கும் குறைவு. அதைக் காய வைக்க வெயில் வேண்டும். மறுநாள் எங்கள் மேட்டில் மழை பிடித்தது. ஊர் கூடி வேண்டிய மழை. வாரக்கணக்கில் விடவில்லை. சாமைக்காட்டுக்கு ஓடினோம், எப்படி ஓடாமல் இருப்பது? லூர்துமேரியின் கதிர் குவியலுக்குள்ளேயே சூடேறி, பூசணம் பிடித்து, நாறிப்போனது. அடுப்பில் வாட்டியது சில படி தேறியது. அதை மகளுக்கு மட்டும் கஞ்சி காய்ச்சினாள். நாங்களும் எங்களிடம் இருந்ததில் கொடுத்தோம். மழையோடு கொசுவும் வந்தது, காய்ச்சலும் திரும்ப வந்தது. ஆவணி முடியும் முன்னால் தெரசா போய்விட்டாள். அப்பன் பக்கத்தில் குழி எடுத்தோம். மழையில் ஊறிய மண், கடப்பாரை தேவைப்படவில்லை.

அடக்கம் முடிந்த அன்று சாவு வீட்டில் கூடிச் செபம் சொல்வது எங்கள் வழக்கம். வீட்டுத் தாய் முன்னால் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அவளால் முடியாது என்று உபதேசியார் தொடங்கப் போனார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தானே பரலோக மந்திரத்தைத் தொடங்கினாள். தெளிவாகத்தான் சொன்னாள். உம்முடைய சித்தமே ஆகட்டும் என்கிற இடம் வந்ததும் நின்றுவிட்டாள். அழுகை அடைத்துவிட்டது என்று காத்திருந்தோம். அழவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். பிறகு அந்த வரியை அப்படியே விட்டுத் தாண்டி, அடுத்ததற்குப் போனாள்.

அன்றோடு நிற்கவில்லை. தினமும் கோயிலுக்கு வந்தாள், தினமும் அந்த வரியைத் தாண்டினாள். உபதேசியார் பொறுத்துப் பார்த்தார், பிறகு சாமியாரிடம் சொல்லிவிட்டார். மாதம் ஒரு முறை பூசைக்கு வருகிறவர், நல்ல மனுஷர். அவரே அவள் வீட்டுக்குப் போனார். வழித்துணைக்கு நானும் போனேன்.

"ஆண்டவருடைய வழி நமக்குத் தெரியாதும்மா" என்றார்.

"எனக்குத் தெரிய வேணாங்க சாமி. எம் புள்ள பசி அவருக்குத் தெரிஞ்சுதா? அத மட்டும் சொல்லுங்க."

சாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அவர் பதில் என்று என்ன சொல்லியிருந்தாலும் எனக்குத் தாங்கியிருக்காது.

பிறகு மெல்லக் கேட்டார், "இவ்வளவு மனத்தாங்கல் இருக்கே, அப்புறம் ஏம்மா தெனமும் கோயிலுக்கு வர்ற?"

"வேற யாருகிட்டங்க போயிக் கேக்கறது?"

சாயங்காலம் கோயிலில் அவள் எப்போதும் போல முன்னால் முழங்காலில் நின்றாள். சாமியார் பீடத்துக்குப் போகாமல் எங்களோடு பின்னால் நின்றார். அந்த இடம் வந்தது. அவள் நிறுத்தினாள். சாமியாரும் வாய் திறக்கவில்லை, நாங்கள் யாரும் திறக்கவில்லை. வெளியே மழைத் தண்ணீர் கூரையில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவள் அடுத்த வரியைத் தொடங்கி, எங்களுக்கு இன்றைக்கு உணவு தாரும் என்று கேட்டாள். அவள் வீட்டில் அப்போது அவள் ஒருத்திதான் இருந்தாள்.