இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு

அணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓவர்சியர் என் அலுவலகத்துக்கு முதன்முதலில் வந்தது சண்டை போடத்தான். வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம். கையில் மடக்கிய குடை. பின்னால், என்னைத் தேடி வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட ஒரு தம்பதி. படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார். "இன்னைக்கு இது மூணாவது பார்ட்டி, வக்கீலம்மா. காலையில ஒரு பிள்ள வந்து டைவர்ஸ் வேணும்னு நிக்குது. நான் எங்க போயி வாங்கிக் குடுக்க? பிளவக்கல் டேமுல மதகத் தொறக்கச் சொன்னாத் தொறந்து விடுவேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணுந் தெரியாது." பின்னால் நின்ற இருவரும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார்கள்.

தப்பு என்னுடையதுதான், அல்லது நான் ஏறி வந்த பேருந்தினுடையது. எங்கள் தொழிலில் விளம்பரம் செய்யக் கூடாது. பெயர், பதிவு எண், எந்த வகை வழக்குகள், முகவரி, போன் நம்பர் என்று அடக்கமாகச் சில விவரங்களை இணையத்தில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் விடாமல் போன் செய்து, என் பெயரில் ஒரு பக்கம் உண்டாக்கித் தருவதாகவும், கூடவே வழக்குகளை நிர்வகிக்க ஒரு செயலி தருவதாகவும் சொன்னார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வரும் வழியில், பேருந்தில் உட்கார்ந்தபடியே செல்போனில் எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசியில் வரைபடத்தில் அலுவலகம் இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னது. வண்டி குலுங்கிய குலுக்கலில் அந்தச் சிவப்புப் புள்ளி இரண்டு தெரு தள்ளி, ஓவர்சியர் வீட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றே கம்பெனிக்கு எழுதினேன். சரிபார்த்து மாற்றுகிறோம் என்று பதில் வந்தது. பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஓவர்சியர் தன் வாசல் கம்பிக்கதவில் 'வக்கீல் வீடு இதல்ல' என்று எழுதிய அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். கட்சிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, அப்படியானால் எது என்று கேட்பதற்காகக் கதவைத் தட்டினார்கள்.

கொஞ்ச நாளில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். புதிதாக வருகிறவர்கள் என் முன்னால் அழுவதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேதி வாரியாக, கோர்வையாகச் சொன்னார்கள். சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லும்மா என்றதற்கு, "எல்லாத்தையும் அந்தப் பெரியவர்ட்டயே சொல்லி முடிச்சாச்சும்மா" என்றாள், ஏதோ இன்னொரு தடவை சொல்லக் கேட்பது நியாயமே இல்லை என்பதுபோல. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்சிக்காரர் ரகசியம் ஊர்ச்சொத்து ஆகிவிட்டால் நான் கோட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். மாலையே அவர் வீட்டுக்குப் போனேன்.

முன்னறையில் புதிதாக நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. ஒரு குடத்தில் தண்ணீர், அதன் மேல் கவிழ்த்த தம்ளர்கள், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆள் வருவதற்கு முன்பே விசிறியைப் போட்டு வைப்பாராம். வெயிலில் வருகிறவர்களுக்கு அறை குளிர்ந்திருக்க வேண்டும். மனைவி போய் வெகுகாலம் ஆயிற்று. ஒரே மகன் புனேயில் பெரிய வேலையில் இருந்தார். சுவரில் அணையின் பழைய புகைப்படம் ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. நான் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன். கட்சிக்காரர்கள் சொல்வதை அவர் வெளியே யாரிடமும் சொல்லிவிடக் கூடாது என்றேன். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "யார்ட்ட சொல்லப் போறேன் வக்கீலம்மா?" என்றார். "சொல்றதுக்கு எனக்கு யாரு இருக்கா?"

அதற்குப் பிறகு நான் கம்பெனிக்கு நினைவூட்டவே இல்லை. ஆனால் அரசாங்கமும் கம்பெனியும் நாம் மறந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். ஒரு நாள் புள்ளி சரியான இடத்துக்கு வந்துவிட்டது. அதே சமயத்தில் செயலியும் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. வாய்தா எப்போது என்று கேட்பதற்காகவே பழக்கூடையும் பால்கோவாவுமாக வந்து உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர்களுக்கு, தேதி நேராகச் செல்போனுக்குப் போயிற்று. யாரும் வரவில்லை. என் வேலை பாதியாகக் குறைந்தது. ராஜபாளையத்தில் என் வீட்டிலும் நானே போய்ப் பூட்டைத் திறந்தால்தான் விளக்கு எரியும். இப்போது அலுவலகமும் வீடு மாதிரியே ஆகிவிட்டது. வசதி என்று நினைத்து வாங்கிக்கொண்டது இதைத்தான்.

அப்படியொரு மாலையில் ஓவர்சியர் வந்தார். முகம் வாடியிருந்தது. "அந்த அட்டையக் கழட்டிட்டேன் வக்கீலம்மா. நம்மதான் வாரவியள வெரட்டுற மாதிரி எழுதிப் போட்டுட்டமோன்னு நெனச்சேன். அதுக்குப் பொறவும் ஒருத்தரையும் காணோம்." புள்ளி மாறிய கதையைச் சொன்னேன். "பழைய எடத்துக்கே மாத்த முடியாதா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து மாலைகளில் அவரே என் அலுவலகத்துக்கு வர ஆரம்பித்தார். கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில் இருப்பார். நான் தட்டச்சு செய்வேன். அவர் மழை அளவு, மதகுப் பலகை, வத்திராயிருப்புப் பக்கம் யானை இறங்கிய வருடம் என்று ஏதாவது பேசுவார். பேச ஒன்றுமில்லாவிட்டால் சும்மா இருப்பார். என் பேருந்துக்கு நேரமானதும் இருவரும் எழுந்துகொள்வோம்.

ஒரு நாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெஞ்சில் உட்காராமல் நேராக என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு கேஸ் போடணும்."

"யார் மேல ஐயா?"

"எம் மவன் மேல."

பேனாவை வைத்துவிட்டேன். மகனைப் பற்றி அவர் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஞாயிறு தவறாமல் போன் வரும், மாதம் தவறாமல் பணம் வரும், மருந்து கூட வீட்டு வாசலுக்கே வந்து இறங்கும். என்ன தகராறு என்று கேட்டேன்.

"தகராறுல்லாம் ஒண்ணுமில்ல. தங்கமான பிள்ள." மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார். "கோர்ட்டுல கூப்புட்டா வந்துதான ஆகணும்? அதுதான் கேக்கேன். எந்தக் கேஸ் போட்டா நெறைய வாய்தா வரும்?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பாழாய்ப்போன பழக்கம், சட்டம்தான் முதலில் வாயில் வந்தது. "சிவில் கேஸுக்கு அவர் நேர்ல வர வேண்டியதில்ல ஐயா. ஒரு வக்கீல் வச்சாப் போதும்."

தெருவில் ஒரு லாரியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டு அடங்கியது.

"அப்ப வேண்டாம்மா," என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதுபோல, "அவன் வச்சிருவான். நல்ல வக்கீலாப் பாத்து வச்சிருவான்" என்றார். சட்டம் தெரிந்திருப்பதற்காக நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

போன மார்கழியில் ஓவர்சியர் போய்விட்டார். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் காலையில்தான் பார்த்திருக்கிறார்கள். மகன் வந்தார். பார்த்ததுமே தெரிந்தது, அதே நெற்றி. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் என் அலுவலகத்துக்கு வந்து, எல்லாரையும்போல பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். வாரிசுச் சான்று வாங்க வேண்டும், வீட்டின் பட்டாவை மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் தயங்கிக் கேட்டார்.

"இதுக்கெல்லாம் நான் ஒவ்வொரு தடவையும் நேர்ல வரணுமா மேடம்? யாருக்காவது பவர் எழுதிக் குடுத்துட்டாப் போதாதா?"

போதும். பாதி வேலை இப்போது இ-சேவை மையத்திலேயே முடிந்துவிடும். மீதியை நான் பார்த்துக்கொள்ளலாம். அவர் புனேயை விட்டு நகர வேண்டிய அவசியமே இல்லை. வாயைத் திறந்தேன்.

"வரணும்," என்றேன். "நேர்லதான் வரணும்."

செய்தது தொழில் தர்மம் இல்லை என்று எனக்குத் தெரியும். யாராவது கேட்டால் ஒப்புக்கொள்வேன். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் தலையாட்டினார். சொன்ன தேதிக்கெல்லாம் வந்தார். விடுதியில் தங்கவில்லை, அப்பா வீட்டைத் திறந்து, தானே பெருக்கிவிட்டுத் தங்கினார். இப்போது அந்த வேலைகள் எல்லாம் முடிந்துவிட்டன, முடிந்தது என்று நானே சொல்லியும்விட்டேன். ஆனாலும் சென்ற வெள்ளிக்கிழமை மாலை வந்திருந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை மேடம் என்று சொல்லிவிட்டு, என் பேருந்துக்கு நேரமாகும் வரை சும்மா உட்கார்ந்திருந்தார்.